பாய்மரப் படகில் ஒரு மர்மக் கதை: முதன்முறை எழுதுவோருக்கான வழிகாட்டி

நடுக்கடலில் செல்லும் பாய்மரப் படகு மர்மக் கதைக்கு வாகான களம் என்பதில் ஐயமில்லை. தப்பி ஓட இடமில்லை, வெளியாள் உள்ளே வர வழியில்லை, பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குள் நான்கைந்து பேர் நாள்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் முதன்முறையாக எழுத வருபவர்களில் பலர் இந்தத் தனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏதோவொரு மாளிகைக்குள் நடந்திருக்க வேண்டிய கதையை அப்படியே தூக்கிக் கடலில் மிதக்க விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒன்றுதான், படகு எந்த வேகத்தில் போனாலும் ஒன்றுதான். அப்படியானால் அதைக் கடலில் எழுதுவதற்குத் தேவையே இல்லை.

இங்கே சொல்லப்போகும் முறை எளிமையானது. படகிலுள்ள மனிதர்கள் எல்லோரும் பொய் சொல்லட்டும். ஆனால் படகின் வேகமும், டீசல் தொட்டியின் அளவும், அன்றைய நிலவின் பிறையும் பொய் சொல்ல மாட்டா. மனிதர்கள் சொல்வதற்கும் படகு காட்டுவதற்கும் இடையில் விழும் விரிசலைத்தான் வாசகர் பிடித்துக்கொண்டு போகிறார். எனவே படகின் உண்மையை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகே பொய்களுக்கு வர வேண்டும். வரிசை மாறினால், கதை பாதிக்கு வரும்போது நேரமும் தூரமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடிக்கத் தொடங்கிவிடும்.

முதல் படி: கதைக்கு முன் பதிவேட்டை எழுதுங்கள்

கடலோடிகள் ஒவ்வொரு மணி நேரமும் படகின் இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிப்பது வழக்கம். உங்கள் கதைப் படகுக்கும் அப்படியொரு பதிவேட்டை நீங்களே எழுதுங்கள். அது கதையில் வரப்போவதில்லை. உங்கள் மேசையில் மட்டும் இருக்கும்.

இதற்குச் சில எண்கள் போதும். ஒரு கடல்மைல் என்பது 1,852 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல்மைல் போனால் அது ஒரு நாட். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு நல்ல காற்றில் சராசரியாக 5 முதல் 6 நாட் வேகத்தில் செல்லும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 120 முதல் 145 கடல்மைல் வரை கடக்கும்; அதாவது 600 கடல்மைல் பயணத்துக்கு நான்கைந்து நாள் ஆகும். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. காற்றின் திசையிலிருந்து சுமார் 45 பாகை விலகி, ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் மாறிமாறி ஓடித்தான் முன்னேற வேண்டும் என்பதால், நேர்க்கோட்டில் 100 கடல்மைல் இருக்கும் தூரம் எதிர்காற்றில் 140 கடல்மைலுக்கு மேல் நீளும். கதாபாத்திரம் ஒருவர் “விடிவதற்குள் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று மற்றவர்களுக்கு வாக்குக் கொடுக்கும்போது, காற்று எதிர்த்து வீசுகிறதா என்பதைப் பொறுத்து அது நம்பிக்கையாகவோ பச்சைப் பொய்யாகவோ ஆகிவிடுகிறது. படகோட்டத் தெரிந்த மற்றொருவர் அந்த வாக்கைக் கேட்டும் மறுப்புச் சொல்லாமல் இருந்தால், அந்த மௌனத்துக்கும் ஒரு காரணத்தை நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரவுக் காவல் முறையையும் இப்போதே தீர்மானியுங்கள். சிறிய படகில் இரவில் ஒருவர் மட்டும் மேலே விழித்திருக்க, மற்றவர்கள் கீழே தூங்குவார்கள். மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். யார் எப்போது தனியாக இருந்தார், யார் யாரை எழுப்பினார் என்பதற்கான அட்டவணை இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அத்துடன், தளத்தில் நடக்கும் காலடி கீழே படுத்திருப்பவரின் தலைக்கு மேல் நன்றாகக் கேட்கும். எனவே “எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை” என்று படகில் ஒருவர் சொல்வது, வீட்டில் சொல்வதைப் போல அவ்வளவு எளிதில் நம்பக்கூடிய கூற்றல்ல.

நிலவையும் முடிவு செய்துவிடுங்கள். அமாவாசை இரவா, பௌர்ணமி இரவா என்பதைத் தீர்மானித்தால், யாரால் எதைப் பார்த்திருக்க முடியும் என்பது தானாகத் தீர்மானமாகிவிடும். ஓத வேறுபாடு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, மிகுதியாக இருப்பதும் இந்த இரு நாள்களை ஒட்டித்தான் என்பதால், ஆழம் குறைந்த கழிமுகத்துக்குள் படகு நுழைகிற காட்சி வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: எந்த ஆண்டு என்று முடிவு செய்யுங்கள்

இக்காலப் படகில் ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் தொலைபேசி, வி.எச்.எஃப். வானொலி, படகின் பெயரையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவி எல்லாம் இருக்கும். மின்னல் தாக்கியது, எல்லாம் பழுதாகிவிட்டது என்று ஒரே பத்தியில் அனைத்தையும் ஊமையாக்குவது மலிவான தந்திரம். வாசகர் அதை ஒருமுறை மன்னிப்பார், அதற்கு மேல் மாட்டார். கருவிகள் இல்லாத கதைதான் வேண்டும் என்றால் காலத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஜி.பி.எஸ். முழு அளவில் இயங்கத் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது 1995இல்தான். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை நீக்கப்பட்டது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில். அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில் நடக்கும் கதை என்றால், செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனின் உயரத்தை அளக்கத் தெரிந்தவர் படகில் ஒருவர் மட்டுமே என்று அமைத்துக்கொள்ளலாம். அப்போது படகு எங்கே இருக்கிறது என்கிற உண்மையே அந்த ஒருவரின் சொத்தாகிவிடும். ஏமாற்றுக்காரரிடம் கொடுப்பதற்கு இதைவிட வலிமையான ஆயுதம் கிடையாது.

அக்காலக் கதைக்கு இன்னொரு வசதியும் உண்டு. திசைகாட்டிக்கு அருகில் ஓர் இரும்புத் துண்டையோ காந்தத்தையோ மறைத்துவைத்தால் முள் விலகும். ஒரு பாகை விலகினால் 60 கடல்மைலுக்கு ஏறத்தாழ ஒரு கடல்மைல் தவறும் என்பது கடலோடிகளின் கணக்கு. ஐந்து பாகை விலகலில் 120 கடல்மைல் ஓடினால் படகு பத்துக் கடல்மைல் தள்ளிப் போய் நிற்கும். பாறைத் திட்டு இருக்கும் பக்கமாக அந்தப் பத்துக் கடல்மைல் அமைந்தால் கதையின் உச்சக்கட்டம் கிடைத்துவிட்டது.

இக்காலத்தையே தேர்ந்தெடுத்தாலும் கவலை இல்லை. கருவிகள் பழுதாவதைவிட, ஒருவர் அவற்றைத் தெரிந்தே அணைத்துவைப்பது கதைக்குச் சிறந்தது. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஏ.ஐ.எஸ். கட்டாயம், சிறு பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் அது விருப்பத்தின்பேரில் வைத்துக்கொள்வது. அதை அணைத்துவைப்பதற்கு நேர்மையான காரணமும் சொல்லலாம், மின்கலத்தில் மின்சாரம் குறைகிறது என்று. ஆனால் அணைத்த நேரம் ஏதோவொரு கரையோர நிலையத்தின் பதிவில் இடைவெளியாக நிற்கும். அந்த இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் துப்பறிபவருக்கு வேண்டியது.

மூன்றாம் படி: விபத்தாகவும் கொலையாகவும் படிக்கக்கூடிய ஒரு மரணம்

சுட்டுக் கொல்வது, குத்திக் கொல்வது எல்லாம் எந்தக் கதையிலும் நடக்கலாம். பாய்மரப் படகு தானாகவே ஆளைக் கொல்லக்கூடியது என்பதுதான் இக்களத்தின் தனிச்சிறப்பு. பின்னாலிருந்து காற்று வீசும்போது பெரிய பாய் ஒரு பக்கமாக முழுவதும் விரிந்திருக்கும். பாயின் அடிப்பாகத்தைத் தாங்கும் கிடைக்கட்டையைப் பூம் என்பார்கள். அலை படகின் பின்பகுதியைச் சற்றுத் திருப்பிவிட்டால் காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்து, அந்தக் கட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபுறம் வீசியடிக்கும். நிற்பவர் தலையில் பட்டால் உயிரே போகலாம். அடிபட்டவர் நினைவிழந்து கடலில் விழுவதும் உண்டு. இதைத் தடுப்பதற்காகப் பூமை முன்பக்கமாக இழுத்துக் கட்டும் ஒரு தடுப்புக் கயிறு இருக்கிறது. அந்தக் கயிற்றை அவிழ்த்தது யார், எப்போது, எதற்காக என்ற ஒரு கேள்வியை வைத்தே நாவலை எழுதிவிடலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம். படகில் நான்கு பேர்: கடனில் மூழ்கிய உரிமையாளர், அவருடைய தொழில் பங்காளி, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பெண் மாலுமி, உரிமையாளரின் மைத்துனனான ஓர் இளைஞன். மூன்றாம் இரவு, அமாவாசை, பின்காற்று, இரண்டு மூன்று மீட்டர் அலை. நள்ளிரவு முதல் மூன்று மணி வரை மைத்துனனின் காவல். தடுப்புக் கயிறு ஓரிடத்தில் உராய்ந்து நைந்திருப்பதைக் கண்ட அவன், மாற்றிக் கட்டுவதற்காக 2:15க்கு அதை அவிழ்க்கிறான்; அதற்குள் குமட்டல் தாளாமல் கீழே ஓடுகிறான். படகைத் தானியங்கிச் சுக்கான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. உறக்கம் வராத உரிமையாளர் 2:40க்கு மேலே வருகிறார். பூம் வீசுகிறது. அவர் கடலில் விழுகிறார்.

இங்கே கொலை இல்லை. ஆனால் பங்காளி விழித்திருந்தார். பலத்த சத்தமும் ஒரு கூச்சலும் அவர் காதில் விழுந்தன. காப்பீட்டுத் தொகைக்காகப் படகை மூழ்கடிக்க உரிமையாளரும் அவரும் ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தார்கள். திட்டம் அன்றிரவே தொடங்கிவிட்டது என்று எண்ணி, பேசிவைத்தபடி பத்து நிமிடம் படுக்கையிலேயே கிடக்கிறார். ஆறு நாட் வேகத்தில் படகு வினாடிக்கு மூன்று மீட்டர் ஓடும். பத்து நிமிடத்தில் ஒரு முழுக் கடல்மைல். இருட்டில், அலைகளுக்கு நடுவே, தண்ணீருக்கு மேல் தெரியும் ஒரு தலையை அத்தனை தூரம் திரும்பிப் போய்த் தேடுவது எப்படிப்பட்டது என்று வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை. எண்ணைச் சொன்னால் போதும்.

நான்காம் படி: ஒவ்வொருவருக்கும் அவரவர் பொய்

நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்க முடியாத கதாபாத்திரம் என்றால், பாதி நல்லது பாதி கெட்டது என்று கலந்து ஊற்றிய ஆள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எழுதினால் கிடைப்பது மங்கலான ஆள்தான். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள்: எதை மறைக்கிறார்? யாரிடமிருந்து மறைக்கிறார்? உண்மையைச் சொன்னால் எதை இழப்பார்? அந்தப் பொய்யால் யாருக்குத் தீங்கு நேரும், அது அவருக்குத் தெரியுமா? நான்காவது கேள்விதான் முக்கியம். தெரியாமல் தீங்கு செய்பவரிலிருந்து, தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்பவர் வரை நீளும் கோட்டில் உங்கள் பாத்திரங்களை வெவ்வேறு புள்ளிகளில் நிறுத்த வேண்டும்.

மேலே சொன்ன கதையில் மைத்துனன் கயிற்றை அவிழ்த்ததை மறைக்கிறான். அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அவன் அச்சம். பங்காளி பத்து நிமிடங்களை மறைக்கிறார். அவற்றைச் சொன்னால் மோசடித் திட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். பெண் மாலுமிதான் முதலில் மேலே ஓடிவந்து படகைத் திருப்பியவர், விடியும்வரை தேடியவர். கதையில் துணிச்சலான ஒரே செயல் அவருடையது. ஆனால் அவர் காட்டி வேலைக்குச் சேர்ந்த சான்றிதழ் போலியானது. விசாரணை வந்தால் அது வெளிப்படும் என்பதால், எல்லாம் முறைப்படி நடந்ததாகப் பதிவேட்டைத் திருத்தி எழுதுகிறார். மிகவும் நேர்மையாக நடந்துகொண்டவரே ஆவணத்தைப் பொய்யாக்குகிறார். வாசகர் யார் பக்கம் நிற்பது என்று தடுமாறுவது இப்படிப்பட்ட முரண்களில்தான்.

பொய்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்குமாறு அமையுங்கள். மைத்துனனுக்குப் பங்காளியின் மௌனம் வேண்டும், பங்காளிக்கு மாலுமியின் திருத்திய பதிவேடு வேண்டும், மாலுமிக்கு அந்த இருவரும் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும். எவரும் எவரிடமும் வாய்விட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பது இன்னும் நல்லது. மூவரும் சேர்ந்து சோறு உண்ணும் ஒரு காட்சியில், “அவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாரா?” என்று மைத்துனன் கேட்க, “போட்டிருந்தார்” என்று மாலுமி உடனே சொல்ல, பங்காளி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “ஆமாம், நானும் பார்த்தேன்” என்று சேர்த்துக்கொண்டால் போதும். அவர் அப்போது கீழே படுத்திருந்தார் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: பொய் படகைவிட்டு வெளியே போய் என்ன செய்கிறது

இதற்கு 1968–69இல் நடந்த ஒரு நிகழ்வைப் படித்துப் பார்ப்பது எந்தப் பயிற்சி வகுப்பையும்விடப் பயன் தரும். எங்கும் நிற்காமல் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவரும் போட்டியில் ஒன்பது பேர் இறங்கினார்கள். அவர்களில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்து, முழுமையாகத் தயாராகாத மூவுடல் படகில் 1968 அக்டோபர் 31 அன்று கிளம்பினார். தென்கடல்களை அந்தப் படகு தாங்காது என்பது விரைவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் எல்லாம் போய்விடும். முன்னே போனால் உயிர் போய்விடும். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதுபோல் வானொலியில் பொய்யான இடங்களைத் தெரிவித்தார். சூரிய அளவீடுகளைப் போகாத இடத்துக்கேற்பப் பின்னோக்கிக் கணக்கிடுவது, உண்மையாகவே அளப்பதைவிடக் கடினமான வேலை. இடையில் படகைப் பழுதுபார்க்க, போட்டி விதிகளுக்கு மாறாக, அர்ஜென்டினாவில் கரையும் இறங்கினார்.

கதை எழுதுபவர் கவனிக்க வேண்டிய பகுதி இதற்கு அடுத்தது. குரோஹர்ஸ்டின் எண்ணம், மற்றவர்களுக்குப் பின்னால் மெல்ல வந்து சேர்வது. பின்தங்கியவரின் பதிவேட்டை யாரும் துருவிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் தன்னை நெருங்கிக்கொண்டிருப்பதாக நம்பிய நைஜல் டெட்லி என்ற போட்டியாளர், ஏற்கெனவே நைந்துபோன தம் படகை மிகையாக விரட்டினார். 1969 மே மாதத்தில் அது உடைந்து மூழ்கியது. டெட்லி மீட்கப்பட்டார். அத்தோடு குரோஹர்ஸ்டின் மறைவிடமும் போய்விட்டது, ஏனெனில் விரைவான பயணத்துக்கான பரிசு இனி அவருக்கே வரும், பதிவேட்டைப் பலரும் புரட்டுவார்கள். அவருடைய படகு 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டது. பயணத்தை முடித்த ஒரே போட்டியாளரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 5,000 பவுண்ட் பரிசுத் தொகையைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

இதில் வில்லன் இல்லை, கொலை இல்லை, யாரும் யாரையும் வெறுக்கவும் இல்லை. ஒருவர் தப்பிப்பதற்காகச் சொன்ன பொய், ஆயிரக்கணக்கான கடல்மைல் தொலைவிலிருந்த இன்னொருவரின் படகை உடைத்து, திரும்பி வந்து சொன்னவரையே வளைத்துக்கொண்டது. உங்கள் கதையிலும் முதன்மையான பொய்க்கு இப்படியொரு பாதையை வரைந்து பாருங்கள்: பொய்யைச் சொன்னவர் எதிர்பார்க்காத யார் அதை நம்புகிறார், நம்பி என்ன செய்கிறார், அதனால் பொய்யருக்கு எந்த வழி அடைபடுகிறது. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் கதையின் இரண்டாம் பாதி தானாக நகரும்.

ஆறாம் படி: கதைசொல்லி வாசகரை ஏமாற்றலாமா

ஏமாற்றலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கதைசொல்லி உண்மையை மறைக்கலாம், திசைதிருப்பலாம், தனக்குச் சாதகமாக அடுக்கலாம். நடக்காததை நடந்ததாகத் தன் குரலில் சொல்லிவிட்டு, கடைசியில் “அது பொய்” என்று கைவிரித்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். திரும்பிப் படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவும் இருக்க வேண்டும், அன்று வேறு பொருள் தந்ததாகவும் இருக்க வேண்டும்.

பங்காளியே கதை சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு இந்த வரிகளைப் பாருங்கள்: “பன்னிரண்டு மணிக்குக் காவலை ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். காலணியைக் கழற்றாமலே படுத்தேன். சத்தம் கேட்டு எழுந்து மேலே போனபோது, மாலுமி சுக்கானைப் பிடித்திருந்தாள்.” மூன்று வாக்கியங்களும் உண்மை. முதல் வாசிப்பில், களைத்துப்போன ஒருவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று தோன்றும். உண்மை தெரிந்த பிறகு, இரவில் எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராகப் படுத்த ஆளின் காலணி அது. மூன்றாவது வாக்கியத்தில் சத்தம் கேட்டதற்கும் எழுந்ததற்கும் நடுவில் அந்தப் பத்து நிமிடம் ஒளிந்திருக்கிறது. மறைக்க வேண்டிய பொருளை வாக்கியங்களுக்கு இடையில் வையுங்கள். வாக்கியத்துக்குள் பொய்யை வைக்காதீர்கள்.

உரையாடலுக்கு இந்த விதி பொருந்தாது. பாத்திரங்கள் ஒருவரிடம் ஒருவர் தாராளமாகப் பொய் சொல்லலாம். கைதேர்ந்த பொய்யர் தேவைக்கு மேல் விளக்கம் தருவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேட்காத விவரங்களை அடுக்குபவர் பழக்கமில்லாத பொய்யர். மைத்துனன் நிறையப் பேசட்டும், பங்காளி குறைவாகப் பேசட்டும்.

ஏழாம் படி: கடல் தரும் தடயங்கள்

கைரேகை, தலைமுடி போன்றவற்றை உப்புநீர் கழுவிவிட்டுப் போகட்டும். படகுக்கே உரிய தடயங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன.

பயணப் பாதையைப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். கருவி இருந்தால், “விழுந்தவுடனே படகைத் திருப்பினோம்” என்று மூவரும் ஒருமித்துச் சொல்லும்போது, வரைபடத்தில் ஒரு கடல்மைல் நேர்க்கோடு ஓடிய பிறகே திருப்பம் தெரியும். இயந்திரம் ஓடிய மொத்த மணிநேரத்தைக் காட்டும் அளவி, “பாயில் மட்டுமே வந்தோம்” என்ற கூற்றை உடைக்கும். டீசல் தொட்டியும் அதற்குச் சாட்சி சொல்லும். படகு தாறுமாறாக ஆடிய இரவில், அதிகாலை மூன்று மணிக்கு எழுதியதாகச் சொல்லப்படும் பதிவேட்டுக் குறிப்பு அச்சடித்ததுபோல் நேராக இருந்தால், அது துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதியது. அதற்கு முந்திய பக்கங்களில் எழுத்துகள் கோடு தாண்டி ஓடி, ஓரிடத்தில் நீர் பட்டு மை ஊறியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை முன்பே ஒருமுறை சாதாரணமாகக் காட்டிவிடுங்கள். கடலில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பவர்கள் உண்டு, கைக்கடிகாரத்தில் ஊர் நேரம் வைத்திருப்பவர்களும் உண்டு. அவசரத்தில் பொய்ச்சாட்சியம் தயாரிக்கும் இருவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், சில மணி நேர வேறுபாடு வந்து நிற்கும்.

விளக்குகளும் பேசும். இரவில் ஓடும் படகு தன் இடப்புறத்தில் சிவப்பும் வலப்புறத்தில் பச்சையும் பின்புறத்தில் வெள்ளையும் காட்ட வேண்டும். நங்கூரமிட்டு அசையாமல் நிற்கும் படகிலிருந்து பார்ப்பவருக்குச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது என்றால், அந்தப் படகு அவர் பார்வையில் வலமிருந்து இடமாகத்தான் போக முடியும். “சிவப்பு விளக்கோடு ஒரு படகு இடமிருந்து வலமாகப் போனதைப் பார்த்தேன்” என்று சாட்சி சொல்பவர், பார்க்காததைச் சொல்கிறார். இந்த விளக்கு விதியை நூறு பக்கங்களுக்கு முன்பு வேறொரு காட்சியில், மைத்துனனுக்குப் பாடம் சொல்வதுபோல் நுழைத்துவிட்டால் ஆட்டம் நேர்மையாக இருக்கும்.

மனிதர்கள் எதை எடுத்துக்கொண்டு படகைவிட்டு இறங்கினார்கள் என்பதும் வலுவான தடயம். 1980 ஜனவரியில் சேலம் என்ற எண்ணெய்க் கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மூழ்கியது. வெடிப்பு ஏற்பட்டு அவசரமாகக் கப்பலைக் கைவிட்டதாகச் சொன்ன மாலுமிகள், நன்றாக அடுக்கிய பெட்டிகளோடு மீட்கப்பட்டார்கள். கப்பலின் பதிவேட்டைத்தான் எடுத்து வரவில்லை. சரக்கின் பெரும்பகுதி ஏற்கெனவே டர்பனில் இறக்கப்பட்டிருந்ததும், மோசடிக்காகக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் பிறகு வெளியாயின. நம் கதையின் பங்காளியும் கடவுச்சீட்டையும் உடைகளையும் நீர்புகாத பையில் தயாராக வைத்திருந்தால், அந்தப் பை யார் கண்ணில் எப்போது படுகிறது என்பதே ஓர் அத்தியாயமாகும்.

எட்டாம் படி: விசாரிப்பவரையும் நம்பாதீர்கள்

நடுக்கடலில் நடந்ததற்குப் பொதுவாகப் படகு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே பொருந்தும். கரையிலிருந்து 12 கடல்மைல் வரை கரையோர நாட்டின் ஆட்சி எல்லை. ஏமாற்றுக்காரர் எந்தத் துறைமுகத்துக்குப் போய்ச் செய்தியைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் காட்சிக்கு இந்த இரண்டு வரி அறிவு போதும்.

விசாரிக்கும் அதிகாரியைத் தெளிந்த அறிவின் உருவமாகப் படைக்கத் தேவையில்லை. 1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே மேரி செலஸ்ட் என்ற கப்பல் ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. சிறு படகும், செக்ஸ்டன்டும், காலமானியும் காணவில்லை. கடைசிக் குறிப்பு நவம்பர் 25ஆம் தேதியோடு நின்றிருந்தது. ஜிப்ரால்டரில் விசாரணையை முன்னின்று நடத்திய அரசு வழக்கறிஞர், இது கொலைதான் என்ற முடிவோடு ஒவ்வொரு கீறலிலும் கறையிலும் ரத்தத்தைத் தேடினார். வாளில் இருந்த கறை ரத்தமல்ல என்று சோதனை சொன்ன பிறகும் ஐயம் விடவில்லை. கப்பலை மீட்டுக் கொண்டுவந்தவர்கள்மேலேயே சந்தேக நிழல் விழுந்தது. உங்கள் அதிகாரிக்கும் ஒரு முன்முடிவு இருக்கட்டும். அது உண்மைக்கு நெருக்கமானதாகவும் தவறான ஆளைச் சுட்டுவதாகவும் இருந்தால், போலிச் சான்றிதழ் வைத்திருக்கும் பெண் மாலுமிக்கு நெருக்கடி முற்றும். அப்போது பங்காளி வாய் திறப்பாரா என்பதுதான் கதையின் கடைசிக் கேள்வி. அவர் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, அதற்கான காரணம் அவருடைய நான்கு விடைகளிலிருந்தே வர வேண்டும்.

கலைச்சொற்களும் திருத்தமும்

கப்பல் சொற்களைக் கொட்டிக் குவிக்க வேண்டாம். கதையின் திருப்பத்துக்குத் தேவையான ஐந்தாறு பொருள்களை வாசகர் கண்ணால் பார்ப்பதுபோல் விளக்கினால் போதும். நம் கதைக்குப் பூம், தடுப்புக் கயிறு, தானியங்கிச் சுக்கான், பதிவேடு, காவல் முறை ஆகியவை. மற்றவற்றைக் கயிறு, பாய், தளம் என்றே எழுதிச் செல்லலாம்.

முதல் வரைவு முடிந்ததும் ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கத்தில், நீங்கள் தொடக்கத்தில் எழுதிய உண்மையான பதிவேட்டின்படி மணிவாரியாக நடந்தது. நடுவில், ஒவ்வொருவரும் நடந்ததாகச் சொல்வது. வலப்பக்கத்தில், இந்த இரண்டின் வேறுபாடு வாசகருக்கு எந்தப் பக்கத்தில் முதன்முதலாகத் தெரியக்கூடும் என்பது. வலப்பக்கத்தில் எங்காவது வெற்றிடம் இருந்தால், அந்தப் பொய்க்குத் தடயம் வைக்க மறந்திருக்கிறீர்கள். ஒரே பக்க எண் பலமுறை வந்தால், எல்லா உண்மைகளையும் கடைசி அத்தியாயத்தில் ஒருவர் வாயால் ஒப்பிக்கவைத்திருக்கிறீர்கள். அவற்றில் இரண்டையாவது முன்னே நகர்த்துங்கள், குறிப்பாகப் பத்து நிமிடத்தை. அதை வாசகர் பாதிக் கதையிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. தெரிந்துகொண்ட பிறகும் அவர் பங்காளியின் குரலிலேயே மீதிப் பக்கங்களைப் படிக்க வேண்டியிருக்கும்.